தம்பிக்கும் எனக்கும் வந்த ஒரே முடிவு

நானும் தம்பியும் இரட்டைப் பிள்ளைகள். நான் முதலில் பிறந்ததால் இந்த அறுபத்தாறு வயதிலும் அவன் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அம்மா கடைசிக் காலத்தில் எங்கள் இருவரையும் அடையாளம் தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். அந்தப் பயத்தில் மதுரையில் ஒரு நரம்பு மருத்துவரிடம் மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தோம்.

முடிவு இருவருக்கும் ஒன்றேதான். மறதி நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு அம்மாவிடமிருந்து இருவருக்குமே வந்திருந்தது. ஆனால் மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"வந்தே தீரும்னு இல்லைங்கம்மா. ஆனா ஒரே ஜீன்தான்னாலும், இந்த வயசுல ஆம்பளைங்களவிடப் பொம்பளைங்களை அது கொஞ்சம் கூடுதலாப் பாதிக்குது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல."

நான் பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டத்தோடு இருக்கிறேன். தம்பி மேலே கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியில். அதன்பிறகு தினமும் வெள்ளனே போன் செய்தான். நேத்து என்ன கொழம்பு, மெளகு பறிக்க யார் யாரு வந்தாக என்று கேட்பான். பாசம் என்று நினைத்தேன். அவன் என்னைச் சோதிக்கிறான் என்று புரிந்த பிறகு, போன் வருவதற்குள் பதில்களைத் தயார் செய்து வைத்துக்கொண்டேன்.

தை மாதம் காப்பிப் பழம் பறிப்பு முடிந்ததும், உதவிக்கு வந்திருந்த அவனை ஏற்றிக்கொண்டு ஜீப்பில் அவன் வீட்டுக்குக் கிளம்பினேன். மலைச்சாலை பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். மூடுபனிகூட இல்லை. ஒரு பக்கம் கொடைக்கானல், மறுபக்கம் வத்தலக்குண்டு என்று பலகையைப் படிக்க முடிந்தது. எங்கே போக வேண்டும் என்பதுதான் நினைவில் இல்லை. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். தம்பி காத்திருந்தான்.

"ஏலே, நாம எங்கடா போறோம்?"

"எங்க வீட்டுக்குக்கா."

"இதுக்குத்தான் தெனமும் போன் போட்டியா?"

"ஆமாக்கா. வேற என்ன செய்யன்னு தெரியல."

இறங்கி இடம் மாறி உட்கார்ந்தோம்.

எனக்கு ஆரம்பித்துவிட்டது என்று மருத்துவர் உறுதி செய்தார். தம்பிக்கு ஒரு குறையும் இல்லை. அவன் மகன் தானும் சோதனை செய்துகொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, போய் ஒன் சோலியப் பாரு என்று சிரித்தே அனுப்பிவிட்டான்.

நேற்று கோயம்புத்தூரிலிருந்து என் மகள் கேட்டாள். "அம்மா, நானும் அந்த டெஸ்ட் எடுக்கவா?"

"யோசிச்சுச் சொல்றேன் தாயி."

"போன வாரமும் இதைத்தான் கேட்டேம்மா. நீயும் இதையேதான் சொன்ன."

இருக்கும் என்றேன்.