தெற்கு பார்த்த சூரியன்

"மாமா, வியாழக்கிழமை மட்டும் சூரியன் லீவு போடுதா?"

போன வியாழக்கிழமை காலையில் இப்படி ஒரு போன். பேசியது ரேவதி, என் தங்கை மகள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, மாடிகளில் சோலார் பேனல் போட்டுத் தரும் தொழிலை ஆரம்பித்திருக்கிறாள். முதல் பேனல் படாளத்தில், அவள் அப்பா வீட்டு மாடியில். அதில் எவ்வளவு கரண்ட் வருகிறது என்று கல்பாக்கத்தில் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் பார்த்துவிடுவாள். எல்லா நாளும் ஜோராக வருகிறதாம். வியாழன் வந்தால் மட்டும் படுத்துக்கொள்கிறதாம்.

"இன்னைக்குன்னு பாத்து மதுராந்தகம் ரைஸ்மில்காரரு பேனலைப் பாக்க வராரு. அவரு ஓகே சொன்னா அதான் மாமா எனக்கு மொத வெளி ஆர்டர். நீயும் கூட வாயேன்..."

போகாமல் இருக்க முடியுமா? வழியில் செங்கல்பட்டில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டாள். நாங்கள் படாளம் போய்ச் சேர்வதற்குள் உங்களுக்கு முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ரேவதியின் அப்பா ஏகாம்பரம், என் மச்சான். நெல் விவசாயம். பருவநிலை மாற்றம் பற்றி அவருக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். "பெய்ய வேண்டியப்ப பெய்யாது. அறுக்கற நேரத்துல வந்து கொட்டும். கரிய எரிச்சி எரிச்சி வானத்தயே கெடுத்துட்டானுங்க மச்சான்!" என்பார்.

சரி, கரி வேண்டாம். அப்புறம்? அங்கேதான் மச்சானின் கணக்கே தனி.

ரேவதிக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் வரன் வந்தபோது மனிதர் சரியாகத் தூங்கவில்லை. "அணுவாமே... பொண்ணுக்கு எதுனா ஆயிடுமா?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கக் கிளம்பினார். மாப்பிள்ளை பிரபு, பாவம், பாதுகாப்பு எப்படி, கழிவை எப்படி வைக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் விளக்கினார். மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு வாசலுக்குப் போனார். சூரியனைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"வூடு கெழக்கு பாத்து கீது மச்சான். பேசி முடிச்சிடலாம்!"

அணுவா, சூரியனா, காற்றா என்று உலகமே மாநாடு போட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறது. எங்கள் குடும்பத்தில் அணுசக்திக்கு அனுமதி கிடைத்தது இப்படித்தான்.

அப்படிப்பட்டவர் மகளின் சோலாருக்குத் தடை போட்டார் என்றால் நம்புவீர்களா?

"எந்தப் பக்கம் பாத்து வெப்ப?" என்று கேட்டார்.

"தெக்கு பாத்துதான் நைனா."

"தெக்கா? எமன் தெசையாச்சே! கெழக்கு பாத்து வையி."

கிழக்கே வைத்தால் மத்தியானத்துக்கு மேல் கரண்ட் குறைந்துவிடும் என்று ரேவதி சொல்லிப் பார்த்தாள். ஊஹூம். நான் ஒரு சாத்துக்குடியைக் கையில் எடுத்து, பூமி எப்படிச் சாய்ந்து சுற்றுகிறது என்று விளக்கினேன். மச்சான் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் சாத்துக்குடியை வாங்கி உரித்துச் சாப்பிட்டார்.

ரேவதிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க நைனாவே வேணாம்னுட்டா, ஊர்ல வேற எவன் மாமா எனக்கு ஆர்டர் தருவான்?"

நியாயம்தானே?

அப்போதுதான் என் தங்கை செல்வி, காபி டம்ளரை நங்கென்று வைத்தபடி கேட்டாள்: "ஏன்யா, கோயில்ல தட்சிணாமூர்த்தி எந்தப் பக்கம் பாத்து குந்திகினு கீறாரு?"

மச்சான் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெற்கு! சாமியே தெற்கு பார்த்து உட்காரும்போது பேனல் உட்காரக்கூடாதா என்ன? அடுத்த முகூர்த்தத்திலேயே பேனல் மாடி ஏறிவிட்டது.

கார் படாளம் வந்துவிட்டது. மில்காரர் எங்களுக்கு முன்பே வந்து மாடியில் நின்றிருந்தார். நாங்களும் ஏறினோம். ஏறியதும் ரேவதி அப்படியே நின்றுவிட்டாள்.

பேனல் ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் துணி. அதன் மேல் கொண்டைக்கடலை மாலை. எதிரே நெய் விளக்கு. கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார் மச்சான். வியாழக்கிழமை... தட்சிணாமூர்த்திக்கு உகந்த நாள் அல்லவா?

"இன்னாம்மா இது? போர்வ போத்திகினு கீது... இதுல கரண்ட் வருமா?" என்றார் மில்காரர்.

ரேவதியின் முகம் செத்துவிட்டது. ஆர்டர் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

மச்சான் கண் திறந்தார். "வந்துட்டியா? வாராவாரம் வேண்டிகினு கீறேம்மா. உன் தொழிலு மேல எவன் கண்ணும் படக்கூடாதுன்னு."

இந்த மனிதரை எங்கே திட்டுவது? ரேவதியின் கோபம் பாதியில் நின்றது. மெதுவாகப் பக்கத்தில் போனாள்.

"நைனா, அலங்காரப் பிரியர் யாரு?"

"பெருமாளு."

"சிவன்?"

"அபிஷேகப் பிரியர்..."

"தட்சிணாமூர்த்தி யாரு? சிவன்தானே? அப்ப துணிய எடு. தண்ணிய ஊத்து. வாராவாரம் காலையில, வெயில் ஏறதுக்கு முன்னாடி."

மச்சான் யோசித்தார். சரியாகத்தான் பட்டது போலிருக்கிறது. துணியை உருவினார், பக்கெட்டைக் கொண்டு வந்தார். "பாலு?" என்றார்.

"ஐயோ, தண்ணி மட்டும் போதும் நைனா!"

பேனலில் படிந்திருந்த ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலைத் தூசியெல்லாம் செம்மண் குழம்பாக வழிந்து ஓடியது. ரேவதி செல்போனை நீட்டினாள். எண் ஏறியது... ஏறிக்கொண்டே போனது. மில்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம மில்லுக்கும் போட்டுடும்மா. ஆனா ஒண்ணு... அபிஷேகத்துக்கு உங்க நைனாவ அனுப்பணும்."

ரேவதி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். மச்சான் மட்டும் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி, பெரிய யோசனையில் இருந்தார். கடைசியில் மில்காரரிடம் கேட்டேவிட்டார்.

"அது இருக்கட்டும்... மில்லு எந்தப் பக்கம் பாத்து கீது?"