குரோமியத்துக்கு நான் எழுதிய விடை

"கெமிஸ்ட்ரி மிஸ் நமக்கா பாடம் எடுக்காவ? போர்டுக்காக்கும் எடுக்காவ!"

மாடிப்படியில் நான் இறங்கும்போது, கீழே இரண்டு மாணவிகள் பேசிக்கொண்டது இது. இரணியலில், ஒரு பேன்சி கடையின் மாடியில் இருக்கும் டியூஷன் சென்டரில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். நாற்பது கண்கள் ஒன்றாக நிமிர்ந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் போர்டைப் பார்த்தபடியே நிற்பேன். பேச வராமல், பேசிப் பிழைக்கும் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

காலி பெஞ்சுகள்

சம ஆற்றலுள்ள ஆர்பிட்டால்களில் எலக்ட்ரான்கள் முதலில் தனித்தனியாகத்தான் அமரும். காலி இடம் தீர்ந்த பிறகே ஜோடி சேரும். இதைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பின்னால் மூன்று பெஞ்சுகள் காலி. முன் பெஞ்சில் ஆறு பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு. "எலக்ட்ரான் உங்களை மாதிரி இல்ல" என்றேன். நான் வகுப்பில் அடித்த ஒரே ஜோக். யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருந்த சுபிஜா மட்டும் கவலையாகக் கேட்டாள்: "பேச்சுத்துணைக்கு ஆளு வேண்டாமா மிஸ் அதுக்கு?"

நோட்டு

சுபிஜாவுக்கு ஏன், எதற்கு என்பது எளிதில் பிடிபடாது. ஆனால் போர்டில் உள்ளதை அப்படியே எழுதிக்கொள்வாள். சாக்பீஸ் வழுக்கி இழுபட்ட கோடுகூட அவள் நோட்டில் இருக்கும். பிறகு அதை மனப்பாடம் செய்வாள். பாஸானால் போதும், மார்த்தாண்டம் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் பேசி வைத்திருந்தார்கள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீசில் வேலை. அவளைச் சேர்க்க வந்த அன்று, கொட்டையின் பால் பட்டுக் கறுத்து உரிந்த விரல்களை விரித்துக் காட்டினார்: "எனக்க கையப் பாத்தியளா டீச்சர்? பிள்ளைக்க கை இப்படி ஆவப்பிடாது."

3d⁴ 4s²

குரோமியத்துக்கு இருபத்துநான்கு எலக்ட்ரான்கள். வரிசைப்படி நிரப்பினால் கடைசியில் 3d⁴ 4s² என்று வரும். ஆனால் d-இல் உள்ள பத்து இடங்களில் சரிபாதி நிரம்பியிருந்தால் நிலைப்புத்தன்மை அதிகம். அதனால் 4s-இலிருந்து ஒன்று நகர்ந்து 3d⁵ 4s¹ ஆகிவிடும். எம்.எஸ்சி. முடித்த எனக்கு இது தூக்கத்திலும் தெரியும். அதை நடத்திய அன்று எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் என்று பதறி, 3d⁴ 4s² என்றே எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டேன். வீட்டுக்குப் போகும் பஸ் தக்கலையில் நின்றபோதுதான் உறைத்தது.

மறுநாள் திருத்திவிடலாம் என்று, சொல்ல வேண்டிய வாக்கியத்தையே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சென்டர் நடத்தும் சார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த பாடத்தை எழுத ஆரம்பித்தேன். நாளைக்குச் சொல்லலாம், புத்தகத்தில் சரியாகத்தானே இருக்கிறது என்று மாதங்கள் போயின. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அன்று, வகுப்பு முடிந்ததும் சார் பாராட்டினார்: "ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம எழுதுதிய டீச்சர்."

இரண்டு மதிப்பெண்

பொதுத்தேர்வில் குரோமியம் வந்தது. இரண்டு மதிப்பெண் கேள்வி. சுபிஜா வேதியியலில் மட்டும் தோற்றாள், இரண்டு மதிப்பெண்ணில். நர்சிங் கல்லூரி அந்த இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டது.

துணைத்தேர்வுக்குப் படிக்க வந்தவளைத் தனியாகக் கூப்பிட்டு, குரோமியத்துக்கு என்ன எழுதினாய் என்று கேட்டேன். நான் போர்டில் எழுதியதைச் சொன்னாள்.

"புத்தகத்தப் பாக்கலியா?"

"பாத்தேன் மிஸ். அதுல வேற மாதிரி கெடந்துது. புக்குலதான் தப்பா அடிச்சிருக்குன்னு நெனச்சேன்."

புத்தகம்தான் சரி என்றேன். நோட்டைப் புரட்டி, அடிக்கோடிட்ட அந்த வரியைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அம்மைட்ட சொல்லாண்டாம் மிஸ். அம்ம சத்தம் போட்டா உங்களுக்குத் தாங்காது."

அம்மா வந்த நாள்

அடுத்த வாரம், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவள் அம்மா படியேறி வந்துவிட்டார். ரிசல்ட் வந்த நாளிலிருந்து மகளோடு அவருக்குப் பேச்சில்லை என்று தோழிகள் சொல்லிக் கேட்டிருந்தேன். வாசலிலேயே நின்று என்னிடம் சொன்னார்: "நீங்க ஒழுங்காத்தான் சொல்லிக் குடுத்திய டீச்சர். இந்தச் சவத்துக்க மண்டையிலதான் ஏறல்ல."

சுபிஜா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தாள். வகுப்பே என்னைப் பார்த்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றேன்.

"தப்பு எனக்குத்தான் அக்கா. நான் போர்டுல தப்பா எழுதினேன். தெரிஞ்ச பிறகும் திருத்தல்ல. நான் எழுதினதத்தான் அவ எழுதினா."

"அப்போ பிள்ளைக்க மேல தப்பில்லியா?"

"இல்ல."

சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் முன் பெஞ்சுக்குப் போய், மகளின் புத்தகப் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வா மக்ளே" என்று அவளை முன்னால் விட்டுப் படியிறங்கினார்.