ஒச்சப்பன் போய் வந்த கதை

குதிரை வண்டிக்காரர் ஒச்சப்பனுக்கு நாற்பது வயதில் ஜீப் கிறுக்குப் பிடித்தது. வடமதுரைப் பக்கம் ஸ்பெயின் தேசத்துக் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்கு 1958இல் ஒரு ஜீப் வந்து இறங்கியதுதான் காரணம். அடித்துப் பிடித்து லைசென்ஸும் வாங்கிவிட்டார். ஆனால் டிரைவர் வேலை யாருக்கு என்று ஸ்பெயினிலிருந்து வரும் மதர் இசபெல்தான் முடிவு செய்வார். வேடசந்தூர் மில் பஸ் ஓட்டிய ஆளும் போட்டிக்கு நின்றார்.

தமிழ் படித்திருந்த சிஸ்டர் பிலார் ஒச்சப்பனுக்கு ஒரு வழி சொன்னார். "மதர் கேட்டா அவங்க பாஷையிலேயே பதில் சொல்லுங்க. போறதுக்கு ‘ஈர்’. போனேன்னா ‘ஃபூயி’."

"என்னம்மா இது, பழனிக்குப் போயி மொட்டை போட்டு வந்தவன் மாதிரி அடையாளமே தெரியலையே," என்றார் ஒச்சப்பன்.

ஆனாலும் சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. குதிரைக்குக் கொள்ளு வைக்கும்போதும் ஃபூயி, குளிக்கும்போதும் ஃபூயி. மனைவி சுந்தரம்மாள் அர்த்தம் கேட்டாள். தெரிந்ததும் முகம் கடுத்தது.

"ஆஸ்பத்திரி வண்டி ஓட்டப்போற மனுசன், போயிட்டேன் போயிட்டேன்னு சொல்றதா? போயிட்டு வந்தேன்னு சொல்லுங்க. இல்லாட்டி அந்தச் சோலியே வேணாம்."

மறுநாள் சிஸ்டரிடம் தலையைச் சொறிந்தார். "வந்ததுக்கும் ஒண்ணு குடுங்கம்மா." ‘பீனே’ கிடைத்தது. இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு ‘இ’. "ஆனா மதர்கிட்ட ஒரே சொல்லு போதும். கூடப் பேசிக் கெடுத்துக்காதீங்க," என்றார் சிஸ்டர்.

மதர் வந்தார். தாம் ஊருக்குத் திரும்பும் நாள் காலையில், பிரசவமான பெண்ணை ஜீப்பில் அகரத்தில் விட்டுவர ஒச்சப்பனை அனுப்பினார். திரும்பியதும், அகரத்துக்குப் போனாயா என்று தம் பாஷையில் கேட்டார். இந்தப் பக்கம் சிஸ்டர், அந்தப் பக்கம் கேட்டருகே முறைத்தபடி சுந்தரம்மாள்.

"ஃபூயி இ பீனே," என்றார் ஒச்சப்பன்.

மதர் புருவத்தைத் தூக்கினார். இங்கே வெறுமனே போய்விட்டார் என்றால் செத்துப்போனதாக அர்த்தம், அதனால் வந்ததையும் சேர்த்துத்தான் சொல்வார்கள் என்று சிஸ்டர் விளக்கினார். மதர் வயிறு குலுங்கச் சிரித்தார். சாவியை ஒச்சப்பன் கையில் வைத்தார்.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சுந்தரம்மாளை முன்சீட்டில் ஏற்றி, ஹார்னை அலறவிட்டுக் கடைத்தெருவையே சுற்றினார். பூக்காரிகள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"ஏங்க, பின்னாடி யாரு பெட்டி?" என்றாள் சுந்தரம்மாள்.

பெட்டி மதருடையது. திண்டுக்கல்லில் ரயிலேற்றுவதற்காக அதை ஏற்றி வைத்திருந்தார்கள்.

அரக்கப்பரக்கத் திரும்பினார்கள். மதர் இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றார். கைக்கு வந்த சாவி இதோ போகப்போகிறது என்று ஒச்சப்பன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

சுந்தரம்மாள்தான் தலையை வெளியே நீட்டினாள்.

"ஃபூயி இ பீனே."

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி மதர் பின்சீட்டில் ஏறினார். முன்சீட்டைச் சுந்தரம்மாள் விடவில்லை.