பாண்டிமீனா போட்ட இரண்டு மார்க்

பாண்டிமீனாவுக்கு வாய் நீளம் என்று திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெருவே சொல்லும். பூ விற்கிற நானும் சொல்லியிருக்கிறேன். அவள் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி போடுகிறாள். அந்த வண்டியே எங்கள் கடன் குழுவில் வாங்கிய முதல் கடனில் வந்ததுதான். குழுவில் பத்துப் பெண்கள். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும்.

செவ்வாய்தோறும் காலை எட்டு மணிக்குக் கூட்டம். கடைசி ஆள் கட்டும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. இட்லிக்கு ஆள் வருகிற நேரமும் அதுதான். செவ்வாய் என்றால் அவளுக்குப் பாதி மாவு மிஞ்சிப் புளித்துப்போகும்.

போன ஆடியில் கிரைண்டர் வாங்க அடுத்த கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். அப்போது பார்த்து, கடன் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஜெஸி என்ற பெண் ஒரு தாளோடு வந்தாள். எங்கள் சேவை திருப்தியா, ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேள்வி. வசூலுக்கு வரும் சூர்யபிரகாஷ் பக்கத்திலேயே நின்றான். பிறகென்ன, ஒன்பது பேரும் ஐந்து போட்டோம். பாண்டிமீனா இரண்டு போட்டாள்.

“ஏன்டி, ஒனக்குக் கடன் வேணுமா வேணாமா?” என்று முழங்கையால் இடித்தேன்.

“கடன் நல்ல கடன்தேன் மதினி. இந்தத் தம்பியும் மரியாதையாத்தேன் பேசுது. எட்டு மணிக் கூட்டந்தேன் எம் பொழப்பக் கெடுக்குது. கேட்டாங்க, சொன்னேன்.”

ஜெஸி அதை அப்படியே எழுதிக்கொண்டாள். சூர்யபிரகாஷின் முகம் சுண்டிப்போனது.

மூன்று வாரம் கிரைண்டர் கடன் பற்றிப் பேச்சே இல்லை. அரிசிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போகும்போது அவளிடம் வழக்கமான பேச்சு இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

நாலாவது வாரம் கடன் வந்தது. கூட்டம் இனி மதியம் இரண்டரைக்கு என்ற செய்தியும் கூடவே வந்தது. எனக்கும் காலையில்தான் பூ போகும். ஐந்து போட்டவள் நான்; அவள் போட்ட இரண்டில் எனக்கும் நேரம் கிடைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த செவ்வாய் காலை எட்டு மணிக்கு அவள் வண்டியைச் சுற்றி நல்ல கூட்டம். பூக்கூடையோடு நானும் பக்கத்தில் நின்றேன். சூர்யபிரகாஷும் தட்டோடு நின்றான்.

“சட்னி எப்படித் தம்பி இருக்கு?” என்று கேட்டாள் பாண்டிமீனா.

“சூப்பர்க்கா.”

“மதினி மாதிரிச் சொல்லாத. உள்ளதச் சொல்லு.”

அவன் என்னை ஒருதரம் பார்த்துக்கொண்டான். “உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குக்கா.”

அவள் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். “ஆமா” என்றாள். சட்னி வாளியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கலக்கிவிட்டு, அவன் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள்.