ரேடாருக்குத் தெரியாத படகு

1. கம்பி இல்லாத அன்டெனா

தொண்ணூறுகளின் நடுவில் நான் வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் அன்டெனா வடிவமைத்துக்கொண்டிருந்தேன். ஊர் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனை. ரேடார் அலையை அனுப்பும். எதிரே உலோகம் இருந்தால் எதிரொலி திரும்பி வரும். அன்டெனாவே உலோகம் என்பதால், தான் இருக்கும் இடத்தை நன்றாகவே காட்டிக்கொடுத்துவிடும். அன்டெனா தன் வேலையையும் செய்ய வேண்டும், ரேடாருக்கும் தெரியக்கூடாது. அப்படி ஒன்றைச் செய்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

வடிவத்தை நாங்கள் வரைவதில்லை. கணினி ஏராளமான வடிவங்களைத் தாறுமாறாக உண்டாக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கோர் விழும். குறைந்தவை கழிந்துபோகும். கூடியவை ஒன்றோடொன்று கலந்து அடுத்த தலைமுறை பிறக்கும். வாப்பா வரிப்பத்தான்சேனை வயலில் விதைநெல்லுக்குக் கதிர் தெரிந்தெடுத்ததும் ஏறக்குறைய இப்படித்தான். எதற்கு ஸ்கோர் போடுவது என்பது மட்டும் மனிதன் முடிவு.

முதல் ஓட்டத்தில் எதிரொலி குறைந்தால் நல்ல ஸ்கோர் என்று மட்டும் எழுதியிருந்தேன். கணினி தலைமுறைக்குத் தலைமுறை அன்டெனாக் கம்பியைச் சுருக்கி, கடைசியில் ஊசியளவு துண்டொன்றைத் தந்தது. ரேடாருக்குத் தெரியாதுதான். ஆனால் அதனால் எதையும் அனுப்பவும் முடியாது, வாங்கவும் முடியாது. எங்கள் மேலாளர், தலை நரைத்த பெண்மணி, தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கணினியில் பிழையில்லை. நீ கேட்டதைத்தான் தந்திருக்கிறது."

2. மச்சானின் போட்

அந்த வருடம் லீவில் ஊருக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு தங்கை ஜெஸீமாவுக்கு வீடு கட்டிக் கொடுத்தது நான். அவள் கணவர் ரவூப் கண்ணாடியிழைப் பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். வாய் சும்மா இருக்காத மனுசன்.

சோறு தின்னும்போது அவர் ஒரு கதை சொன்னார். மழைக்குள் சரக்குக் கப்பலொன்று நேரே வந்ததாம். டோர்ச் அடித்தும் விலகவில்லையாம். அலையில் போட் கவிழப் பார்த்ததாம்.

"அவங்கட ரேடாருக்கு எங்கட போட் தெரியாதா மச்சான்?"

"பைபருக்கு எதிரொலி குறைவு. அலையோட அலையா மறைஞ்சிரும்."

"அப்ப நாங்க சும்மாவே மறைஞ்சுதான் இரிக்கம். ஒங்களுக்கு என்னத்துக்குச் சம்பளம் தாறாங்க?"

எல்லோரும் சிரித்தோம். ஜெஸீமா சிரிக்கவில்லை. அண்ணனான என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். "காக்கா, மறைக்கத் தெரிஞ்ச ஒங்களுக்கு இவரக் காட்டத் தெரியாதா?"

தெரியும். அதற்குக் கணினியே தேவையில்லை. மூன்று தகடுகளை ஒன்றுக்கொன்று செங்கோணமாகப் பொருத்தினால் போதும், வந்த அலை வந்த வழியே திரும்பும். கடலோடிகளுக்குப் பழைய சங்கதி. பசாரில் தகர வேலை செய்பவரிடம் மூலைமட்டம் வைத்துச் செய்வித்து, ஒரு கம்பில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ரவூப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது கப்பலுக்கு மட்டுந்தான் தெரியுமா?"

"ரேடார் வெச்சிரிக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமா? இந்தக் காலத்துல கடல்ல ஆர் ஆரெண்டு கேட்டுட்டா மச்சான் சுடுறாங்க?"

உள்நாட்டு யுத்த காலம், கடலில் இரண்டு தரப்புப் படகுகளும் திரிந்தன. தெரிந்தாலும் பயம், தெரியாவிட்டாலும் பயம். எதற்கு ஸ்கோர் போடுவது? அவரே ஒரு முடிவுக்கு வந்தார்.

"ஆழத்துக்குப் போனா ஏத்துறன். கரைக்குக் கிட்ட வந்தா எறக்குறன். மிச்சம் அல்லாஹ்ட காவல்."

3. ஜெஸீமாவின் கேள்வி

அடுத்த மாரியில் அந்த போட் திரும்பவில்லை. பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. நான் ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஜெஸீமா அழாமல் உட்கார்ந்திருந்தாள். அடக்கம் செய்ய மையித்து, உடல், கிடைக்கவில்லை. கணவன் மௌத்தானவள் இருக்கும் இத்தாவை அவளை இருக்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. காத்திரு என்று சொல்லவும் மனம் வரவில்லை.

என்னைக் கண்டதும் ஸலாம்கூடச் சொல்லாமல் கேட்டாள்: "காக்கா, அந்தத் தகட்ட ஏத்தி வெச்சிருந்ததால கண்டு சுட்டாங்களா? எறக்கி வெச்சிருந்ததால கப்பல் காணல்லியா? இதுதானே ஒங்கட படிப்பு. சொல்லுங்க."

மென்மையாக எதையாவது சொல்லி ஆறுதல்படுத்தத்தான் பார்த்தேன். பொய் நாக்கில் ஏறவில்லை.

"தெரியா தங்கச்சி."

அந்த வேலையை விட்டுவிட்டீர்களா என்று இப்போது என்னிடம் இளம் பொறியியலாளர்கள் கேட்கிறார்கள். விடவில்லை. ஜெஸீமாவின் பிள்ளைகளுக்கு நான்தான் உழைக்க வேண்டியிருந்தது. ரேடாருக்குத் தெரியாத அன்டெனாக்களைச் செய்துதான் அவர்களைப் படிக்கவைத்தேன். அந்தக் கசப்பு இன்னும் உள்ளே கிடக்கிறது.

ஸ்கோர் எழுத உட்காரும் பிள்ளைகளுக்கு என்னிடம் ஒன்றுதான் உண்டு. நீங்கள் செய்வது யார் கண்ணில் படும், யார் கண்ணுக்குத் தப்பும் என்று முதலில் கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். அன்றைக்கு நான் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் ஜெஸீமா முதல்முறையாக அழுதாள்.