மாட்டுக்கு வைத்த நாள்

காலை ஐந்து நாற்பது. மோட்டார் சைக்கிளைக் கிரவல் வீதியோரம் நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது மாமாவின் வயல். ஒரு பாதியில் நெல் நாலு விரல் உயரத்துக்கு முளைத்திருந்தது. மறுபாதி உழுதபடி வெறும் புழுதியாகக் கிடந்தது.

கரடியனாற்றுப் பக்கம் எங்கள் வட்டைக்கு, அதாவது சேர்ந்தாற்போல் கிடக்கும் அந்த வயல்வெளி முழுவதற்கும், மாமாதான் விதானை. மாடுகளை மேய்ச்சல் தரைக்கு வெளியேற்றி விதைக்கும் நாளையும், அறுவடைக்குப் பின் மாடுகளைத் திரும்ப உள்ளே விடும் நாளையும் அவரே குறிப்பார். அந்தப் புரட்டாதியில் அவர் சொன்ன நாளில் அத்தனை பேரும் மழையை நம்பிப் புழுதியில் விதைத்தார்கள். அவர் மட்டும் பாதியோடு நின்றுவிட்டார்.

பக்கத்து வயல்காரர் எனக்கு முன்பே வந்து வரம்பில் மாமாவுக்கு எதிரே நின்றார்.

“எங்கள எல்லாம் விதைக்கச் சொல்லிப்போட்டு நீங்க பாதியில நிண்டுட்டீங்களே விதானையார்! மழை ஒங்களுக்கு மட்டும் போன் எடுத்ததோ?”

“ஓம், எடுத்தது. எப்ப வாறதெண்டு அதுக்கே தெரியாதாம்.”

“அப்ப என்னத்துக்கு எங்களுக்கு நாள் வெச்சீங்க?”

“நாள் வெக்காட்டி மாடு வெளிய போகாது மனே. அது மாட்டுக்கு வெச்ச நாள்.”

வயல்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார். பத்திரிகைக்கு இரு தரப்பையும் கேட்டு எழுதிப் பழகியவன் நான். அன்று இரண்டு தரப்பும் சரியாகவே பட்டன.

அந்த முளை ஒரே ஒரு நாள் பெய்த மழையில் வந்தது. பிறகு ஐப்பசி முழுவதும் வெயில். பயிர் திட்டுத்திட்டாகக் கருகியது. கார்த்திகையில் மழை இறங்கியபோது மறுபடி விதைக்கப் பலரிடம் விதைநெல் இல்லை. மாமா மீதிப் பாதியை விதைத்தார். அது அடர்ந்து வந்தது. அதன் பிறகு தேத்தண்ணீர்க் கடைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது.

மாசியில் மற்றவர்கள் மிஞ்சியதை அறுத்து முடித்தார்கள். மேய்ச்சல் தரையில் புல் தீர்ந்து, மாட்டுக்காரர்கள் எல்லையில் வந்து காத்து நின்றார்கள். மாமாவின் பிந்திய பாதி அப்போதுதான் பால் பிடித்திருந்தது. இன்னும் மூன்று கிழமை வேண்டும். மாடு விடும் நாளைத் தள்ளிவைக்கும்படி மாமி அழுதார். நானும் கேட்டேன்.

“எனக்காகத் தள்ளி வெச்சா, இனி என்ட சொல்ல ஆர் கேப்பான்?” என்றார். வழமையான நாளையே அறிவித்தார். இரண்டு காலைப் பொழுதுக்குள் மாடுகள் அந்தப் பாதியை மேய்ந்து முடித்தன. தனக்குத் தானே தண்டனை விதித்துக்கொண்டாரா, விதானைப் பதவியைக் காப்பாற்றினாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இந்தப் புரட்டாதிக் கூட்டத்திலும் மாமாதான் நாள் சொன்னார். முதலில் கை உயர்த்தியவர் பக்கத்து வயல்காரர். ஒருவரும் மறுக்கவில்லை. அந்த நாளில் மாடுகள் எல்லாம் வெளியேறின. வட்டையில் அநேகமானோர் பாதிதான் விதைத்தார்கள்.