அக்கா கிழித்த ஸ்டிக்கர்

என் அக்காவுக்கு ஆய்வுக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் கடுகு. ஆள் சின்னது, காரம் பெரிசு. மருத்துவமனை விளக்குகளை அளப்பது அவள் வேலை. எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்று ஸ்பெக்ட்ரோமீட்டர் பிரித்துச் சொல்லும். அந்தக் கருவியும் பொய் சொல்லக்கூடும் என்பதால், இவ்வளவுதான் வெளிச்சம் என்று முன்பே தெரிந்த மூல விளக்கை ஏற்றி, அதை வைத்துச் சரிசெய்வாள். உடனே அணைத்துப் பூட்டிவிடுவாள். வீணாக எரிந்தால் அது மங்கும். மங்கியதை நம்பி அளந்தால் சோப்ளாங்கி விளக்கும் பயில்வானாகத் தெரியும்.

என் மகளுக்குப் பிறந்தவுடன் மஞ்சள் காமாலை. நீல விளக்கின் கீழே படுக்க வைத்தும் மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. “நாளைக்கும் குறையலைன்னா ரத்தம் மாத்தணும்மா,” என்றார் டாக்டர்.

பார்க்க வந்த அக்கா முதலில் விளக்கைத்தான் பார்த்தாள். ‘சோதிக்கப்பட்டது’ என்று ஸ்டிக்கர், போன வாரத் தேதி, அவளுடைய கையெழுத்து. தான் சரியென்று சொன்ன விளக்கே ஏமாற்றினால் மூல விளக்குதான் மங்கியிருக்க வேண்டும். அங்கேயே தன் ஆய்வுக்கூட மேலாளருக்கு போன் போட்டாள்.

“சார், மூல விளக்க யாராவது எடுத்தீங்களா?”

“போன வாரத்துக்கு முந்தின வாரம் கருவிக் கண்காட்சி நடந்துச்சே, அது முடியற வரைக்கும் நம்ம ஸ்டால்ல ஏத்தி வெச்சிருந்தேன்மா. பாக்க அம்சமா இருந்துச்சு. பத்திரமா திருப்பி வெச்சுட்டேனே. விளக்குன்னா எரியத்தானே?”

“அட பாவி மனுஷா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?”

வார்டில் போன வாரத் தேதி போட்ட ஸ்டிக்கரையெல்லாம் நகத்தால் பிறாண்டிக் கிழித்தாள். கண்காட்சிக்கு முன்பே சோதித்த விளக்கு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. நர்ஸ் அதை என் மகளிடம் தள்ளிக்கொண்டு வந்தார்.

பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து நின்றாள். “அப்போ என் பிள்ளைக்கு?”

அக்கா போனை அவளிடம் நீட்டினாள். “சார் லைன்லதான் இருக்காரு. விளக்குன்னா எரியத்தானேன்னு உங்ககிட்டயே சொல்லட்டும்.”

மேலாளர் போனை வைத்துவிட்டார். கையில் கிடைத்திருந்தால் அந்த ஆளை நார்நாராகக் கிழித்திருப்பேன். என் மகளை ஓரமாக நகர்த்தி, “உங்க பிள்ளையையும் இங்கயே படுக்க வைங்க,” என்றேன் அந்த அம்மாவிடம்.

மறுநாள் இரண்டு பிள்ளைகளுக்கும் மஞ்சள் இறங்கத் தொடங்கியது. மேலாளர் பழக்கூடையோடு வந்தார். அக்கா வாசலிலேயே மறித்தாள்.

“போன வாரம் அளந்த விளக்கெல்லாம் எங்கெங்க போச்சோ, அத்தனை ஆஸ்பத்திரிக்கும் நிறுத்தச் சொல்லிட்டேன் சார். ஏன்னு மட்டும் சொல்லல. அத நீங்க நேர்ல போய், அந்த அம்மாங்க முகத்தப் பாத்து சொல்லிட்டு வாங்க. பழம் அப்புறம் தின்னுக்கலாம்.”